ஊசி நின்றால் முப்பத்தாறு சதுர அடி

அளவுக்காரருக்கு அந்தக் கடைத்தெருவில் இன்னொரு பெயரும் உண்டு: குமிழி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் டீக்கடையைத் தாண்டிய அடுத்த நொடி, "குமிழி சார் போறார், போர்டை உள்ள இழுத்துக்கோங்க" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழும். விழாத மாதிரி நடந்துபோகப் பழகிக்கொண்டிருந்தார்.

நகராட்சியில் அவருக்கு வேலை, கடைகளின் பெயர்ப்பலகையை அளப்பது. கடையின் முகப்பு எத்தனை அடி அகலமோ, அதைப்போல இரண்டு மடங்கு சதுர அடி வரை பலகை வைத்துக்கொள்ளலாம். பத்தடிக் கடைக்கு இருபது சதுர அடி. இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். பலகையே இல்லாமல் நேராகச் சுவரில் எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு. எழுத்தை மட்டும் அளப்பதா, எழுத்துக்கு எழுத்து நடுவே கிடக்கும் வெறும் சுவரையும் சேர்த்து அளப்பதா? விதி அதற்கும் வழி சொல்கிறது. எழுத்து, படம், கோடு எல்லாம் உள்ளே அடங்குகிற மாதிரி, முடிந்தவரை சிறிதாக ஒரு செவ்வகம் போட வேண்டும். அந்தச் செவ்வகத்துக்குள் இருப்பதெல்லாம் பலகைக் கணக்கு. வெறும் சுவரும் பலகைதான்.

இந்த விதியில் மாட்டியவர்தான் சலவைக்காரர். போன வருடம் அவர் கடைச் சுவரில் பெயரை எழுதி, கடைசி எழுத்திலிருந்து சோப்புக் குமிழிகள் கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்றாக மாடி ஜன்னல் வரை மிதந்துபோகிற மாதிரி வரைந்துவைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அளவுக்காரரும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஏணியைப் போட்டு ஏறி, உச்சியில் இருந்த எலுமிச்சம்பழ அளவுக் குமிழியின் தலையில் நாடாவை வைத்து அங்கிருந்து கீழே அளந்தார்.

"சார், அது குமிழி. உள்ள வெறும் காத்து" என்றார் சலவைக்காரர்.

"காத்தா இருந்தாலும் செவ்வகத்துக்குள்ள இருக்கு."

அவ்வளவுதான். குமிழிகளின்மேல் வெள்ளை அடிக்கப்பட்டது. அடித்த வெள்ளையும் முழுதாக மறைக்கவில்லை. மழையில் சுவர் நனைந்தால், செத்தும் போகாதவை போலக் குமிழிகள் மங்கலாகத் தெரியும். அன்றிலிருந்து இவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பெண்டாட்டியாக வாய்த்தவள் தையற்காரி. அவளும் நாள் முழுவதும் அளக்கிறவள்தான். ஆனால் அவள் நாடா துணியாலானது. இவர் நாடா இரும்பு. அவள் அளந்தால் ஒரு விரல் விட்டு அளப்பாள். போட்டுக்கொள்கிறவர்கள் மூச்சு விட வேண்டுமே. இவர் மயிரிழை விடமாட்டார்.

இருபது வருடம் அவள் வீட்டில் வைத்துத்தான் தைத்தாள். சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துப் போகிற இடத்தில் மெஷின். வெளியே பலகை வைக்க ஆசைப்பட்டாள். குடியிருப்புப் பகுதியில் வீட்டு வாசலில் உள்ளங்கை அகலத் தகடுதான் வைக்கலாம் என்று புருஷனே கையால் அளந்து காட்டினார். அந்தத் தகட்டில் 'தையல்' என்ற ஒரு சொல்தான் கொள்ளும். அதையும் படிக்க, வருகிறவர்கள் மூக்கைத் தகட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஆகவே யாரும் தகட்டைத் தேடுவதில்லை. "அளவுக்காரர் வீடு எது?" என்று கேட்டுத்தான் வந்தார்கள்.

ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் வாசலில் நின்று அவளையே கேட்டிருக்கிறார்: "நீங்க அளவுக்காரர் சம்சாரம்தானே? இங்க தைக்கிறவங்க யாரு?"

சாப்பிடும்போது அதை அவரிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான்.

"நீ என்ன சொன்ன?"

"நான்தான்னேன்."

அவரும் சிரித்துவிட்டு மறுசோறு போட்டுக்கொண்டார். அவள் சிரிப்பு அன்றைக்கு உதட்டோடு நின்றதை அவர் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

அந்த வருடமே அவள் கடைத்தெருவில் ஒரு கடையைப் பிடித்தாள். பத்தடி முகப்பு, சலவைக் கடைக்கு நேர் எதிரே. வாடகை, மேசை, திரைச்சீலை எதிலும் புருஷன் யோசனையைக் கேட்டுக்கொண்டவள், ஒன்றே ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"வெளியில எழுதுறது மட்டும் என் இஷ்டம். நீங்க அதுல தலையிடக் கூடாது."

"விதிக்குள்ள இருந்தா நான் எதுக்குத் தலையிடறேன்?"

விதியைப் பற்றி அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பேசுவது வழக்கம். அவள் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவதும் வழக்கம். அந்த வாரம் மட்டும் அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். அப்போது ஒரு நல்ல செய்தி அகப்பட்டது. சுவரில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று தொடாமல், நடுவே நல்ல இடைவெளி விட்டுத் தனியாக இருந்தால், தனித்தனியாக அளந்து கூட்டிக்கொள்ளலாம். நடுவில் உள்ள வெற்றிடம் கணக்கில் சேராது. அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

பெயர் எழுதுகிறவர் வந்தார். சுவரின் இடது ஓரத்தில் நீலத்தில் 'கச்சிதம் தையலகம்' என்று எழுதினார். வலது ஓரத்தில், தகரத்தில் வெட்டிய ஒரு பெரிய ஊசியை நட்டமாக நிறுத்தித் திருகாணி போட்டார். நாலடி ஊசி. காதில் குழந்தையின் கை நுழையலாம். எழுத்தும் ஊசியும் சேர்ந்தால்கூடப் பத்துச் சதுர அடி தேறாது. அவள் மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துக்கொண்டாள். எழுதினவர் கூலி வாங்கிக்கொண்டு போனபிறகு தெருவில் இறங்கி நின்று பார்த்தாள்.

நடுவே ஒரே வெள்ளை. முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எழுத்துக்கும் ஊசிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மிச்சம் இருந்த சிவப்பு வர்ணத்தையும் மெல்லிய தூரிகையையும் எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள். கடைசி எழுத்தின் வாலிலிருந்து ஒரு நூலை இழுத்தாள். அது இரண்டு சுருள் சுருண்டு, மேலே ஏறி, ஊசியின் காதுக்குள் நுழைந்தது. துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை, எங்கேயும் நடுங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காது மடலில் சிவப்பு ஒட்டியிருந்தது.

"காதுல என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு வந்து பாருங்க. நாளான்னைக்குத் திறக்கிறோம்ல."

மறுநாள் காலை அலுவலகத்தில் அவருக்கு முன்னால் சலவைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார், தேய்த்த சட்டை, வாரிய தலை. ஒரு வருடமாகக் காத்திருந்த மனிதர். கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டால் தப்பில்லை.

"எதிர்க் கடைல ஒரு போர்டு வந்திருக்கு. அளவுக்கு மேல இருக்குன்னு எனக்குத் தோணுது. அளந்து பாருங்க" என்றார் அதிகாரியிடம். அவர் குரலில் ஒரு துளிக் கோபம் இல்லை.

அதிகாரியம்மா அளவுக்காரரைவிட வயதில் சின்னவர். விஷயத்தைக் கேட்டு அளவுக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார்.

"மேடம், அது என் வீட்டுக்காரி கடை. நான் அளக்கிறது முறையில்ல."

"வேற யாரு இருக்கா? நீங்களும் நானும்தான். எனக்கு ஏழாம் மாசம், ஏணியில ஏறச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரி. பிறகு சலவைக்காரரிடம் திரும்பி, "இவர் குறைச்சு அளந்துடுவார்னு உங்களுக்கு ஏதாவது பயம் இருக்கா?" என்று கேட்டார்.

சலவைக்காரர் யோசித்துப் பார்த்து, "அப்படி ஒரு பயம் இந்த ஊர்ல யாருக்கும் இல்லீங்க" என்றார்.

அளவுக்காரரும் சலவைக்காரரும் ஏணியை முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். டீக்கடையில்கூட யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் டம்ளரோடு பின்னால் வந்தார்கள்.

முனை திரும்பியதும் அவர் கண்ணில் அது பட்டது. அழகாக இருந்தது. இத்தனை வருடமாகச் சுவர்களை அளக்கிறார், ஒரு சுவரைப் பார்த்து அவர் கால் தானாக நின்றது அன்றைக்குத்தான். அந்தச் சிவப்பு நூலைப் பார்த்த மாத்திரத்தில் யார் கை என்று தெரிந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் எத்தனை சதுர அடி என்றும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்ததுதான் கொடுமை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "எப்படி இருக்கு?" என்று கேட்டவள், அவர் கையில் இருந்த இரும்பு நாடாவையும், ஏணியையும், ஏணியின் மறுமுனையில் இருந்த ஆளையும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர். "நூல் எப்ப வந்துச்சு?"

"நேத்து. நான்தான் போட்டேன். ஏன், அது எழுத்தும் இல்ல, படமும் இல்ல. நூல்தானே?"

"கோடும் கணக்குதான்."

"நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே தனித்தனியா வச்சேன்."

"தனித்தனியாத்தான் இருந்துச்சு. நூல் வந்து ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு. இப்ப நடுவுல இருக்கிற சுவரும் சேரும்."

அவள் சுவரைப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து முதல் தடவையா நீங்க பேசினதைக் காது குடுத்துக் கேட்டேன்" என்றாள். "கேக்காமலே இருந்திருக்கலாம்."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்.

அளக்க வேண்டியதை அளக்காமல் தீராது. நாடாவின் ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். சலவைக்காரர் தானாகவே வந்து பிடித்தார். முதல் எழுத்திலிருந்து ஊசி வரை ஒன்பதடி. ஊசியின் அடியிலிருந்து தலை வரை நாலடி. முப்பத்தாறு. அனுமதி இருபது. அவர் சத்தமாகச் சொன்னார், எல்லோருக்கும் சொல்வதைப்போலவே.

"அப்ப நூலை அழிச்சுடணும்" என்றாள் அவள்.

"நூல் போனா சரியாயிடும்."

"சரி." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சலவைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணா, போன வருஷம் அடிச்ச வெள்ளை மிச்சம் இருக்கா?"

"இருக்கு" என்றார் சலவைக்காரர். ஆனால் நகரவில்லை. ஒரு வருடமாக இந்த நிமிஷத்தை எத்தனை விதமாகவோ நினைத்துப் பார்த்திருந்தவர், நாடாவின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல, தங்கச்சி. சாயங்காலம்கூட அடிக்கலாம்."

அளவுக்காரர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. ஊசியின் காதுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். ஆள் மேலேயே உறைந்துவிட்டாரோ என்று கீழே இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மெஷின் ஊசிக்குக் காது எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது? கீழ, முனைகிட்ட."

"இதுக்கு மேல இருக்கே."

"இது கை ஊசி."

"கை ஊசி எதுக்கு நின்னுக்கிட்டிருக்கு? மெஷின் ஊசிதான் நின்னு குத்தும். நீ சாயங்காலம் ஓரம் மடிச்சுத் தைக்கும்போது ஊசி படுத்துக்கிட்டுத்தானே போகும்?"

அவள் கையை ஊசி பிடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாள்.

"துணிக்குள்ள நாலு இழை எடுத்து, படுத்தமேனிக்கே போய் அந்தப் பக்கம் தலையை நீட்டும். கடைசில முடிச்சுப் போடறப்ப மட்டும்தான் நிமித்துவ. அப்ப நாக்கு நுனியை லேசா வெளிய விடுவ."

"இதெல்லாம் நீங்க எப்பப் பாத்தீங்க?"

"எதிர்லதானே உக்காந்திருக்கேன், இருபது வருஷமா."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நாக்கு விஷயத்தை ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லணுமா?" என்றாள். ஆனால் குரலில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்து தட்டையும் சுவரையும்தான் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊசியைப் படுக்க வச்சா உயரம் ஒண்ணரை அடிக்கு மேல போகாது" என்றார் அவர், மறுபடி அளவுக்காரராகி. "நீளம் ஒன்பதரை. பதினஞ்சுகூட வரல. நூல் இருக்கலாம். கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்."

"ஒரு சுருளாவது வேணும்."

"ஒரு சுருள் தாராளமா வரும்."

டீக்கடைக் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. யாரோ திருப்புளி எடுக்க ஓடினார்கள். சலவைக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நாடா முனை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"அப்ப என் குமிழி?" என்றார்.

நாடா முனையால் தன் கடைச் சுவரைக் காட்டினார்.

"என் குமிழி மேல போகாம, பக்கவாட்டுல போயிருந்தா?"

அளவுக்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். சலவைக் கடைக்கு முகப்பு பதினாறடி. மனக்கணக்குப் போட அவருக்கு நேரம் ஆகாது. ஆனால் பதில் சொல்ல நேரம் ஆயிற்று.

"அடங்கியிருக்கும்" என்றார். "இடம் மிச்சம்கூட இருந்திருக்கும்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சார்."

"நீங்க கேக்கல."

இது அவர் எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். அளப்பது தன் வேலை, வழி கண்டுபிடிப்பது கடைக்காரர் வேலை என்பது அவர் கட்சி. இத்தனை வருடத்தில் அந்தப் பதிலுக்கு மறுபதில் வந்ததில்லை.

"நானும்தான் கேக்கல" என்றாள் அவர் பெண்டாட்டி. "எனக்கு மட்டும் சொன்னீங்க."

அவள் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. குற்றம் சாட்டுகிற மாதிரியும் சொல்லவில்லை; சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். அவர் ஏணியில் நின்றபடி அவளைப் பார்த்தார், பிறகு சலவைக்காரரைப் பார்த்தார். அந்த ஆள் உச்சிக் குமிழியைத் தன் கையாலேயே வெள்ளையடித்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்று, சரியாக மறைந்துவிட்டதா என்று மேற்பார்வை பார்த்தவர் இவர்தான். வெட்கமாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது என்றே சொல்லலாம்.

ஊசியைப் படுக்கப் போட்டு முடித்ததும் அவர் செய்த முதல் காரியம், ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்ததுதான்.

"முனையைப் பிடிங்க" என்றார் சலவைக்காரரிடம். "நீ அந்தச் சாக்குக்கட்டியைக் குடு" என்றார் பெண்டாட்டியிடம்.

சலவைக் கடையின் சுவரில், பெயரைச் சுற்றி அந்த முனையிலிருந்து இந்த முனை வரை தையல் சாக்குக்கட்டியால் செவ்வகம் போட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு பலகை வருவதற்கு முன்னால் போட்ட முதல் செவ்வகம் அது.

"இதுக்குள்ள எத்தனை குமிழி வேணும்னாலும் விடுங்க."

"குமிழி பக்கவாட்டுல போகுமா, சார்?" என்றார் டீக்கடைக்காரர்.

"காத்தடிச்சா போகும்" என்றார் சலவைக்காரர், தன் குமிழியைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிற தோரணையில்.

அளவுக்காரர் இறங்கப்போனவர் நின்றார். நாடாவை மறுபடி இழுத்து, கடைசி ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டார். "இதோட நிறுத்திக்கோங்க. முழுசா ரொப்பிடாதீங்க."

"ஏன் சார், அளவு தாண்டிடுமா?"

"தாண்டாது. பின்னால ஒருநாள் இன்னொரு குமிழி போடலாம்னு உங்களுக்குத் தோணும். அதுக்கு இடம் வேணும்ல."

எதிர்க்கடை வாசலில் நின்றவள் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். மெஷின் சத்தம் உடனே கேட்கவில்லை.

கடை திறந்து கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் எதிரே ஒரு பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், ஊசியைப் படுக்க வைத்து.

"இன்னைக்கு ஆபீசுக்கு ஒருத்தர் வந்தார்" என்றார் அவர். "புதுசா செருப்புக் கடை வைக்கிறாராம். போர்டு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்திருக்கார். உள்ள வந்து என்னையே கேக்கிறார்: 'கச்சிதம் தையற்காரம்மா வீட்டுக்காரர் இங்கதான் வேலை பாக்கறாராமே, அவர் யாரு?'"

அவள் தையலை நிறுத்தி நிமிர்ந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்னேன்."